நிழல் விழாத களம்

ஒடென்சே, டென்மார்க்
12 அக்டோபர் 2025

முப்பிடாதிக்கு,

கடிதம் என்றதும் பயந்துவிடாதே, சண்டை ஒன்றும் இல்லை. நீ போனை எடுத்ததும் நம் கங்கா உன் மடியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறாள். அவள் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் பஜார் ரோடு முழுக்கத் தெரிந்துவிடும். மலையாளம் மட்டுமே படிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தெரியாமல் பேச, தமிழில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்று கண்டுபிடித்தவள் நீதான். வழக்கமாகச் சண்டைக்குத்தான் அந்த வழி. இந்த முறை சந்தோஷ சமாசாரம். உறுதியாகும்வரை அவளிடம் சொல்லாதே.

நான் எதற்கு இவ்வளவு தூரம் வந்தேன் என்று உங்கள் சுக்குக் களத்தில் மாயம்மாள் அக்கா இன்னும் கேட்கிறாளாமே. அவளுக்கு இப்படிச் சொல். கொச்சியில் நம் தோப்பும்படித் துறைமுகத்தில் கரண்ட் போனால் ஐஸ் பிளான்ட் நிற்கிறது, மீன் அழுகுகிறது. அதற்குச் சூரிய மின்சாரம் கொடுக்க இரண்டு நாட்டு அரசாங்கமும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். பேனலும் பேட்டரியும் டென்மார்க் தரும். இடமும் ஆளும் நாம் தரவேண்டும். அந்த ஆட்களில் ஒருவனாக வேலை படிக்க வந்திருக்கிறேன். வெயிலே இல்லாத ஊரில் போய் வெயிலைப் பற்றிப் படிக்கிறானே என்று சிரிப்பாள். சிரிக்கட்டும்.

போன மாதம் எங்கள் வாத்தியார் யென்ஸ் ஆளுக்கொரு பெரிய தாள் கொடுத்தார். உங்கள் ஊரில் நல்ல வெயில் விழும் ஓரிடத்தை ஞாபகத்திலிருந்து வரையுங்கள், எந்த நேரத்தில் எதன் நிழல் எதுவரை விழும் என்று காட்டுங்கள், நிழல் விழுத்தாத எதையும் வரைய வேண்டாம் என்றார். கூட இருந்தவர்கள் பஸ் ஸ்டாண்டையும் மொட்டை மாடியையும் வரைந்தார்கள். நான் உன் சுக்குக் களத்தை வரைந்தேன்.

அந்த இடம் தெரிந்த மாதிரி எனக்கு வேறெதுவும் தெரியாது. மோட்டார் ரிப்பேருக்கு முதல்முதலில் வந்த அன்று, காயப்போட்ட இஞ்சிக்கு நடுவே டூல் பெட்டியோடு நடந்தேன். "அண்ணே, நிழலு விழுது, அந்தப் பக்கமாப் போங்க" என்று ஒரு அதட்டல் போட்டாய். காயும் இஞ்சிமேல் ஆள் நிழல் விழுந்தால் சுக்கு கறுத்துப்போகும் என்பது உங்கள் களத்துச் சட்டம். காலையில் மேற்கு ஓரம், உச்சியில் வடக்கு ஓரம், சாயங்காலம் கிழக்கு ஓரம். அப்படித்தான் யாரும் நடக்கலாம். அண்ணே என்று கூப்பிட்டவனையே கட்டிக்கொண்டாய், அது வேறு கதை. உன்னைப் பார்க்க வந்து வந்து அங்கே விழுகிற ஒவ்வொரு நிழலும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

யென்ஸ் கணினியில் சரிபார்த்துவிட்டு, யார் அளந்து கொடுத்தது என்று கேட்டார். என் மனைவி திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தது என்றேன். படத்தை வராந்தாவில் மாட்டிவிட்டார்கள். கொச்சி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. அவர்களுக்கும் அந்த இடம் பிடித்துவிட்டதாம். களத்தைச் சுற்றியுள்ள கோடவுன் கூரைகளில் பேனல் வந்துவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குத்தான் என்கிறார் யென்ஸ். நீ கீழே களத்தில், நான் கூரைமேல். அதட்ட வசதியாக இருக்கும்.

உன்
அருண்பாண்டி


மட்டாஞ்சேரி
3 நவம்பர் 2025

அத்தானுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாளை மடியில் வைத்து அவசரமாக எழுதுகிறேன்.

இன்று காலை களம் கழுவிக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் இஞ்சி லாரி வந்துவிடும், மழைப் பாசி போகத் தேய்க்க வேண்டுமே. தொப்பி போட்ட நாலைந்து பேர் வந்தார்கள். டேப் பிடித்து அளந்தார்கள். நாங்கள் தேய்த்து வெளுக்க வைத்த சிமெண்ட் தரையில் நீலப் பெயிண்டால் சிலுவை சிலுவையாகக் குறி போட்டார்கள். இங்கே கம்பி நடணும், இங்கே பேட்டரி ஷெட் வரும் என்று பேசிக்கொண்டார்கள். கூரையை ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை அத்தான்.

நான் முதலாளி விஸ்வநாத் சாரிடம் ஓடினேன். அவர் சிரித்த முகமாக இருந்தார். "ஓட்டுக் கூரை பழசாக்கும், பாரம் தாங்காதுன்னுட்டா. களம்தான் வேணுமாம். இருபத்தஞ்சு வருஷத்துக்குக் கொடுக்கறேன்னு ஒத்துண்டாச்சு. சுக்கு வியாபாரத்துல இனிமே என்ன இருக்கு, சொல்லு? எல்லாம் உங்க வீட்டுக்காரர் பண்ணின புண்ணியம்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கும் இதற்கும் என்ன என்று நின்றேன்.

திரும்பி வந்தால், அவர்களில் பெரியவராகத் தெரிந்தவர் ஒரு பெரிய தாளை விரித்துப் பிடித்திருந்தார். தள்ளி நின்று பார்த்தபோதே நம் களம் என்று தெரிந்துவிட்டது. தெற்குச் சுவர், தண்ணீர்த் தொட்டி, வெளியே நிற்கிற பலாமரம். அதில் கிளை முறிந்த பக்கம்கூட அப்படியே இருந்தது. மூலையில், நம் வீட்டுக் கேஸ் சிலிண்டரில்கூட நீங்கள் எழுதிவைக்கிற அதே அ.பா.

எல்லாவற்றின் நிழலும் படத்தில் இருந்தது. இஞ்சியைக் காணோம். எங்களைக் காணோம். கீழே இங்கிலீஷில் ஏதோ போட்டிருந்தது, என்னவென்று கேட்டேன். "ஒழிஞ்ஞ ஸ்தலம், சேச்சி. ஆருமில்லாத்த ஸ்தலம்" என்றார். யாரும் இல்லாத இடமாம். கையில் விளக்குமாறோடு நாங்கள் அத்தனை பேரும் அவர் எதிரே நின்றுகொண்டிருந்தோம்.

மாயம்மாள் அக்கா படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு வீட்டுக்கு வந்து, சோற்றை மூடிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். கங்கா என்னம்மா என்று கேட்டாள், பல்வலி என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டும். காலி இடம் என்று நீங்களா எழுதிக் கொடுத்தீர்கள்?

முப்பிடாதி


ஒடென்சே
6 நவம்பர் 2025

முப்பிடாதிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போகவில்லை. வராந்தாவில் படத்தின் முன்னால் போய் நின்றேன். தினமும் போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பெருமைப்பட்ட படம். நீ சொன்னது உண்மை. அதில் ஒரு ஜீவன் இல்லை. இத்தனை நாள் அது என் கண்ணில் படவே இல்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

காலி இடம் என்று நான் எழுதவில்லை, கங்கா தலைமேல் சத்தியம். நிழல் விழுத்துவதை மட்டும் வரையச் சொன்னார்கள். இஞ்சி தரையோடு தரையாகக் கிடப்பது, அதற்கேது நிழல். நீங்கள் வெயில் ஏறுமுன் கிளறிவிட்டுத் தெற்குச் சுவரோரம் ஒதுங்கிவிடுவீர்கள். சுவரின் நிழலை வரைந்தேன். அதற்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தனியாக நிழல் இல்லையே. நான் வரைந்தபோது நீ அங்கேதான் இருந்தாய், தூக்குவாளியைத் திறந்துகொண்டு. மனசில் பார்த்துக்கொண்டேதான் வரைந்தேன். தாளில் நீ வரவில்லை.

ஆனாலும் கொஞ்சம் நிதானமாக யோசி. கூரைதான் என்று நினைத்தேன், களம் என்று ஆகிவிட்டது. போன மே மாதம் ஐஸ் இல்லாமல் கூடை கூடையாக மீனைக் குழிவெட்டிப் புதைத்துவிட்டு உன் தம்பி செல்லப்பா நம் வீட்டில் வந்து அழுதான். அவன் மாதிரி துறைமுகத்தில் எத்தனை பேர். பேனல் கழுவ ஆள் வேண்டியிருக்கும், களத்துப் பெண்களையே எடுக்கச் சொல்லி நான் கேட்கிறேன். இப்போது எதிர்த்துப் பேசினால் எனக்குச் சொன்ன வேலையும் போய்விடும். மறுபடி டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் மோட்டாராக அலைய வேண்டியதுதான். கங்காவை நினைத்துப் பார்.

அருண்பாண்டி


மட்டாஞ்சேரி
16 நவம்பர் 2025

அத்தானுக்கு,

பேனல் கழுவ எத்தனை ஆள் வேண்டும் என்று தொப்பிக்காரரிடம் நானே கேட்டேன். "ரெண்டாள் மதி, சேச்சி. ஆழ்ச்சயில் ஒரு திவசம்" என்றார். வாரத்தில் ஒருநாள், இரண்டு பேர். களத்தில் நாங்கள் முப்பது பேர். அந்த இரண்டு பேர் யார் என்று நீங்களே பெயர் சொல்லுங்கள், நான் போய் மற்றவர்களிடம் சொல்கிறேன்.

என்னோடு யாரும் பேசுவதில்லை. மாயம்மாள் அக்கா தன் தூக்குவாளியை என்னுடையதிலிருந்து நகர்த்தி வைத்துவிட்டாள். நேற்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். "நம்ம நிழலு படாம இத்தன வருசம் காத்தோம். ஓம் புருசன் களம் பூராத்தையும் நிழலாக்கிட்டாரே." வேறு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நம் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தி பார்த்தவள் அவள்.

செல்லப்பா போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். எனக்குப் பரிந்து பேசுவான் என்று நினைத்தேன். "யக்கா, இத்தன காலம் வெயிலு பூராத்தையும் உங்க இஞ்சிக்கே குடுத்தாச்சு. எங்க மீனுக்கும் கொஞ்சம் குடேன்" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் என்னை வதைக்கிறது. மீன் அழுகட்டும் என்று நான் சொல்லவில்லை. இருக்கிற ஆட்களை இல்லை என்று சொல்லி இடத்தை வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். கேட்டு வாங்கியிருந்தால் நாங்களும் நாலு வார்த்தை பேசியிருப்போம்.

யென்ஸ் சாரிடம் போய்ச் சொல்லுங்கள். வேலை போகும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். சொல்லும்வரை போனில் பிள்ளையோடு மட்டும் பேசுங்கள். அவள் முன்னால் நான் சிரிப்பேன், கவலைப்பட வேண்டாம். சாயா குடித்தீர்களா என்றுகூடக் கேட்பேன். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

முப்பிடாதி


ஒடென்சே
29 நவம்பர் 2025

முப்பிடாதிக்கு,

சொல்லிவிட்டேன்.

உடனே சொல்லவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். ஆனால் நீ போனில் சாயா குடித்தீர்களா என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமலேயே கங்கா கையில் போனைக் கொடுக்கிறாயே, அதைத் தாங்க முடியவில்லை.

யென்ஸைப் படத்தின் முன்னால் கூட்டிப்போனேன். இங்கேயிருந்து இங்கேவரை இஞ்சி காயும் என்று கையை வைத்துக் காட்டினேன். இந்தச் சுவர் நிழலுக்குள் முப்பது பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தி என் மனைவி என்றேன். முதலில் அவர் சிரித்தார், ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டார். பிறகு முகம் வெளுத்துப்போயிற்று. நடுவில் ஏன் யாரும் இல்லை என்று கேட்டார். உங்கள் களத்துச் சட்டத்தைச் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன். அந்த மனிதர் வராந்தாத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இந்தப் படத்தை எத்தனையோ கூட்டத்தில் காட்டிப் பேசியிருக்கிறேன். எவ்வளவு சுத்தமான இடம் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இவர்கள் திட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. யாருடைய பிழைப்பும் போகிற மாதிரி இருந்தால், அவர்களைக் கூப்பிட்டுப் பேசாமல் இடத்தைத் தொடக்கூடாது. அப்படியென்றால் இது எப்படி நடந்தது? கொச்சியில் ஆட்கள் பல இடங்களைப் பார்த்துக் குறித்துவைத்தது என் படத்துக்கு முன்பே, ஜூலை மாதம். கொட்டுகிற மழையில் உன் களம் பூட்டிக் கிடந்தது. ஆளே இல்லை, காலி இடம் என்று எழுதிவைத்துவிட்டார்கள். என் படத்திலும் ஆள் இல்லை. இரண்டும் ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

என் பேச்சை மட்டும் வைத்து எதுவும் மாறாது. மனைவிக்காகப் பேசுகிறான் என்று கொச்சி அலுவலகம் சொல்கிறது. டிசம்பர் இருபதாம் தேதி எர்ணாகுளத்தில் இரண்டு நாட்டுக்காரர்களும் கையெழுத்துப் போடப்போகிறார்கள். அதற்குமுன் பத்தாம் தேதி யென்ஸும், திட்டத்தின் தலைவி கிர்ஸ்டன் மேடமும் நேரில் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கு அங்கே இஞ்சி காய வேண்டும் முப்பிடாதி. அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். எப்படியாவது செய்.

எனக்குச் சொல்லியிருந்த வேலை இப்போதைக்கு இல்லை என்கிறார்கள். பார்க்கலாம்.

அருண்பாண்டி


மட்டாஞ்சேரி
11 டிசம்பர் 2025

அத்தானுக்கு,

இஞ்சி வரவில்லை. லாரியை வேறு களத்துக்குத் திருப்பிவிட்டார் விஸ்வநாத் சார். பத்து நாளாகக் கேட்டில் பூட்டு. கெஞ்சிப் பார்த்தேன், ஒரு கூடையாவது போடுகிறோம் என்றேன். "அதெல்லாம் வேண்டாம், இப்போ சர்க்கார் காரியமாக்கும்" என்று உள்ளே போய்விட்டார். உங்களிடம் போனில் எப்படிச் சொல்வேன், பிள்ளை பக்கத்தில் இருந்தாள். கடைசியில் சம்மதித்துவிடுவார் என்று நம்பி எழுதாமலும் இருந்துவிட்டேன்.

நேற்று உச்சி வேளைக்கு வந்தார்கள். மாலை, இளநீர் எல்லாம் தயாராக இருந்தது. கேட்டைத் திறந்ததும் பின்னாலேயே நாங்களும் உள்ளே நுழைந்தோம். காவல்காரர் தடுக்கவில்லை, அவர் மனைவியும் எங்களோடுதான் வேலை செய்கிறாள். களம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நீலச் சிலுவைகளும் வெயிலும்தான். விஸ்வநாத் சார் கையை வீசிக் காட்டி இங்கிலீஷில் பேசினார். அந்த மேடம் கையிலிருந்த படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தலையாட்டினார். யென்ஸ் சார் மட்டும் யாரையோ தேடுகிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் அவர் பார்வை வந்தது, வெயிலுக்குக் கண் கூசியதோ என்னவோ, நிற்காமல் போய்விட்டது.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே வந்ததும் எங்கள் கால்கள் தாமாகவே தெற்குச் சுவரோரம் போய்விட்டன. இஞ்சி இல்லாத களத்திலும் சுவர் நிழலுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். யாரும் எங்களை அங்கே போகச் சொல்லவில்லை. நீங்கள் வரைந்த படத்துக்குள் அப்படியே போய் உட்கார்ந்துவிட்டோம் அத்தான்.

எழுந்தேன். நடுக்களத்துக்கு நடந்தேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து உச்சி வெயிலில் அங்கே கால் வைத்ததில்லை. தரையில் இஞ்சி இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது, உடம்பு கேட்கவில்லை, கால் பின்னிக்கொண்டது. பின்னாலிருந்து மாயம்மாள் அக்கா பதறிப்போய்க் கத்தினாள். "ஏட்டி முப்பிடாதி, நிழலு விழுதுட்டி."

"விழட்டும்க்கா. நீங்களும் வாங்க" என்றேன்.

அவள் வந்தாள். பிறகு மற்றவர்கள், ஒவ்வொருத்தியாக. செருப்பைக்கூட ஓரத்தில் கழற்றிவிட்டு வந்தார்கள். முப்பது பேரும் நடுவில் நின்றோம். எங்கள் காலடியில் முப்பது நிழல் கிடந்தது. மேடம் படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்கள் யார் என்று தொப்பிக்காரரை விட்டுக் கேட்டார். "நாங்க இந்தக் களத்துக்காரங்க. இங்கதான் இஞ்சி காயப்போடுதோம். ஒங்க படத்துல வெயிலு இருக்கு, எங்களக் காணும்" என்றேன். தொப்பிக்காரர் அதைச் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். கேட்டதும் அந்த அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். யாரோ செத்த வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார். இளநீர் அப்படியே இருந்தது.

இருபதாம் தேதி இந்தக் களத்துக்குக் கையெழுத்து இல்லை. கூரைகளைப் பலப்படுத்த முடியுமா என்று பார்ப்பார்களாம், எங்களோடும் உட்கார்ந்து பேசுவார்களாம். ஒரு வருடம் ஆகலாம், கூடவும் ஆகலாம். தை பிறந்ததும் லாரி வரும் என்று விஸ்வநாத் சார் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். மாயம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்தாள்.

சாயங்காலம் செல்லப்பா வந்தான், வாசலிலேயே நின்றான். "அப்ப இன்னொரு வருசம் மீனப் பொதைக்கணும், அப்படித்தான?" என்றான். உள்ளே வா என்றேன், வரவில்லை. அவன் போன பிறகு அழுதேன்.

யென்ஸ் சார் போகுமுன் அருண்பாண்டியின் மனைவி யார் என்று கேட்டு வந்து கும்பிட்டார். உங்களுக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டதை அவர்தான் விளக்கமாகச் சொன்னார். உங்கள் கடிதத்தில் அதைக் கடைசியில் ஒரு வரியில் எழுதி, "பார்க்கலாம்" என்று முடித்திருந்தீர்கள். நான் அந்த வரியில் நிற்காமல் போய்விட்டேன். சாயா குடித்தீர்களா என்று இனிமேல் கேட்டால் பதிலையும் கேட்பேன்.

முப்பிடாதி


ஒடென்சே
19 டிசம்பர் 2025

முப்பிடாதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. யென்ஸ் நேற்றுத் திரும்பி வந்தார். படத்தை வராந்தாவிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தார். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விமானம், புதன்கிழமை கொச்சியில் இருப்பேன். வேலை இல்லாமல்தான் வருகிறேன். கங்காவிடம் நானே சொல்கிறேன், மலையாளத்தில். செல்லப்பாவை நான் போய்ப் பார்க்கிறேன். அவன் திட்டினாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

ராத்திரி படத்தை விரித்து வைத்து, விட்டுப்போனதைச் சேர்க்க உட்கார்ந்தேன். இஞ்சியை வரைந்தேன். சுவரோரத்தில் தூக்குவாளிகளை வரைந்தேன். நடுவில் உன்னை நிறுத்தினேன், உச்சி வேளை. நிழல் போடப் பென்சிலைக் கொண்டுபோனேன், கை நின்றுவிட்டது. முறிந்த கிளையோடு பலாமரத்தின் நிழல் தை மாதத்தில் எந்த விரிசல்வரை வரும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் தெரியும். உன் நிழல் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியவில்லை முப்பிடாதி. கல்யாணம் ஆகி இத்தனை வருடம், ஒருநாள்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

வந்ததும் ஒருநாள் உச்சியில் களத்துக்குக் கூட்டிப்போ. நீ நடுவில் நில். நான் வடக்கு ஓரமாகவே வருகிறேன், என் நிழல் உன்மேல் விழாது.

உன்
அருண்பாண்டி